பாட்டியின் 86 வெள்ளியும் அரசாங்கம் வாங்குற மிஷினும்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. பூஜை நேரம், அன்னதான உபயம் பற்றிய விவரம் எதுவும் இதில் இல்லை. அதுக்கு முந்தைய பதிவைப் பாருங்க. இது நம்ம ஆலயத்துக்கு வர்ற வயசானவங்க சம்பந்தப்பட்ட விஷயம். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. கருத்து வேறயா இருந்தா கீழே எழுதுங்க, கோவிச்சுக்க மாட்டோம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மாலை பூஜை முடிஞ்சு, பிரசாதம் கொடுத்து, மண்டபத்தைக் கூட்டிக்கிட்டு இருந்தோம். 74 வயசுப் பாட்டி ஒருத்தர் தூண் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தார். கோப்பெங் பக்கம் தோட்டத்துல பால் மரம் சீவினவர். தோட்டம் கைமாறி, லயத்தை விட்டு வெளியே வந்த பிறகு இங்க ஒரு மலிவு வீட்டில் இருக்கார். கையில வரிக் கட்டண பில். சுருக்குப் பையில எண்ணி வச்ச 86 வெள்ளி.

"தம்பி, ரெண்டு தடவை போயிட்டேன். காசு வாங்க மாட்டேங்கிறாங்க. கார்டு இருக்கா, போன்ல ஏதோ இருக்கான்னு கேக்குறாங்க. நான் என்ன கடனா கேட்டேன்? கட்டத்தானே போனேன்?"

எந்த அலுவலகம்னு இங்க எழுதப் போறதில்லை. அங்க கவுண்டர்ல உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் மேல எங்களுக்குக் கோபமும் இல்லை. அவங்க கையில கல்லாப்பெட்டியே இல்லை, மேலிடத்து உத்தரவு. எங்களில் ஒருத்தர் தன் கைத்தொலைபேசியிலேயே கட்டிட்டார், ரெண்டு நிமிஷ வேலை. பாட்டி 86 வெள்ளியை எண்ணிக் கொடுத்தார். அப்புறம் கேட்டார்: "ரசீது?"

போன் திரையைக் காட்டினோம். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "தாள்ல எழுதிக் கொடு தம்பி. நாளைக்கு இல்லைன்னு சொல்லிட்டா நான் எதைக் காட்டுவேன்?" தோட்டத்துல கிராணி செக் ரோலில் பேரை எழுதுறதையும், கடைக்காரர் 555 புத்தகத்துல பற்று எழுதுறதையும் பார்த்து வளர்ந்தவர். எழுதாத கணக்கு கணக்கே இல்லைன்னு அவருக்குத் தெரியும். அன்னிக்கு ஆலய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத் தாளைக் கிழிச்சு, எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அது செல்லாத ரசீதுன்னு எங்களுக்குத் தெரியும்.

இப்ப நாங்க ஒண்ணு ஒத்துக்கணும். அந்தப் பாட்டி முதல் ஆள் இல்லை. கடந்த ஒரு வருஷமா இப்படி வர்றவங்களுக்கு நாங்க உதவி செஞ்சுக்கிட்டுதான் இருந்தோம். நல்ல காரியம்னுதான் நினைச்சோம். ஒரு நாள் எங்களுக்குள்ள கணக்குப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, எங்களில் ஒரே தொண்டூழியரிடம் ஒன்பது பெரியவர்களோட பின் நம்பர் இருக்கு. ஒன்பது பேர்! அவர் நல்லவர்தான், ஒரு சென் தொட மாட்டார். ஆனா நாளைக்கு அவர் போன் தொலைஞ்சா? அல்லது ஒரு பாட்டியோட கணக்கில் 50 வெள்ளி குறைஞ்சா? முதல்ல யாரைக் கேப்பாங்க? கோயில் பிள்ளையைத்தான். உதவின்னு ஆரம்பிச்சது இப்படி நம்ம கழுத்துக்கே வந்து நிக்குது. எல்லாரையும் பின் நம்பரை மாத்தச் சொல்லிட்டோம், இனிமே யாருடையதையும் கேட்கிறதில்லைன்னு முடிவும் எடுத்துட்டோம். அதே பாட்டி ஒரு கடையில ஒரு பில்லுக்கு 5 வெள்ளி கூலி கொடுத்துக் கட்டினதையும் பிறகுதான் சொன்னார். அரசாங்கத்துக்குக் காசு கட்டுறதுக்கு ஒரு தரகர்!

விக்கிறவங்களும் நம்ம பிள்ளைகள்தான்

இந்த விஷயத்தை ஆலயத்துல பேசிக்கிட்டு இருந்தப்ப, நம்ம ஆலயத்துல தேவாரம் படிச்சு வளர்ந்த ஒரு தம்பி, இப்ப கோலாலம்பூர்ல வேலை செய்றவர், சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "அண்ணே, அந்த மிஷினை விக்கிறவன் நான்தான்." அவர் நிறுவனமே அதை வித்ததுன்னு இல்லை, ஆனா அதே தொழில். அரசு இலாகாக்களுக்கும் ஊராட்சி மன்றங்களுக்கும் பணம் கட்டுற மிஷின், செயலி, கியூஆர் முறை இதெல்லாம் விக்கிற வேலை. அவரை உட்கார வச்சு, தேத்தண்ணி கொடுத்து, எப்படி விப்பீங்கன்னு கேட்டோம். அவர் சொன்னதைச் சுருக்கமா எழுதுறோம், நமக்கெல்லாம் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

கடைக்கு ஒரு மிஷின் விக்கிறது ஒரு வாரத்து வேலை. அரசு அலுவலகத்துக்கு விக்கிறது வருஷக்கணக்கு. முதல்ல விளக்கக் கூட்டம், அப்புறம் ரெண்டு கவுண்டர்ல சோதனை ஓட்டம். அதுக்குப் பிறகு தொகையைப் பொறுத்து நேரடிக் கொள்முதல், விலைப்புள்ளி, டெண்டர். இடையில அதிகாரி மாறிட்டா மறுபடி முதல்ல இருந்து. அதனால நிறைய நிறுவனங்கள் மிஷினை இலவசமாவே கொடுத்துடும். வருமானம் எங்கேன்னா, ஒவ்வொரு கட்டணத்திலும் வர்ற சிறு விழுக்காட்டுல. காசு கட்டுற கவுண்டர் திறந்திருந்தா அந்த விழுக்காடு குறையும். அதனால "முழுக்க ரொக்கமில்லாம மாறினாத்தான் உங்களுக்குச் சிக்கனம்"னு எடுத்துச் சொல்றதும் விற்பனையில ஒரு பகுதி.

நாங்க கேட்டோம்: "வாங்குற அதிகாரி அந்த மிஷின்ல எப்பவாவது பில் கட்டுவாரா?"

அவர் கொஞ்ச நேரம் பேசலை. "இல்லண்ணே. எங்க செய்முறை விளக்கத்துல எல்லாரும் சட்டை போட்ட ஆபீசர்ங்கதான். பாட்டி யாரும் வர்றதில்லை."

எங்க கருத்து முழுக்க இந்த ஒரு வரிக்குள்ள அடங்கிடும். சந்தையில வாழைப்பழம் வாங்குறவன்தான் அதைச் சாப்பிடுறான். அழுகி இருந்தா அடுத்த வாரம் வேற கடை. இங்க வாங்குறது ஒருத்தர், பயன்படுத்துறது இன்னொருத்தர். பாட்டிக்கு வேற கடை கிடையாது. வரி கட்ட ஒரே இடம்தான். அதனால அரசாங்கம் வாங்குறப்பவே பாட்டிக்காகவும் சேர்த்துக் கேள்வி கேட்டாகணும். கேட்கலைன்னா யாரும் கேட்க மாட்டாங்க.

நாங்க பழமைவாதிகள் இல்லை

இதைப் படிக்கிற சில இளைஞர்கள் "காலம் மாறிடுச்சு, இவங்க இன்னும் சுருக்குப் பையிலயே இருக்காங்க"ன்னு நினைக்கலாம். இல்லைங்க. நம்ம ஆலயத்திலயே கியூஆர் ஒட்டியிருக்கோம். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குப் போற வழியில தண்ணீர்ப்பந்தலுக்கு வர்ற நன்கொடையில் பாதி போன் வழியாத்தான் வருது. ரொக்கத்தோட கஷ்டமும் எங்களுக்குத் தெரியும். உண்டியல் எண்ணுற நாளில் நாலு பேர் சாட்சி, ரெண்டு சாவி, அதுக்குப் பிறகும் சந்தேகப் பேச்சு. அரசு அலுவலகத்திலும் அப்படித்தான். ரொக்கம் கை மாறுற இடத்துல கசியும். போன்ல கட்டினா நேரா கணக்குக்குப் போகும். அது நல்லதுதான்.

நல்லா செஞ்ச உதாரணமும் நம்ம நாட்டிலேயே இருக்கு. சாரா உதவித்தொகையை எடுத்துக்குங்க. 2025 ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரைக்கும் 18 வயசுக்கு மேற்பட்ட எல்லா மலேசியர்களுக்கும் 100 வெள்ளி, அடையாள அட்டை வழியா. 2 கோடியே 20 லட்சம் பேர். மைகாசே அறநிறுவனத்தோட முறையில நடந்தது. ஸ்மார்ட் போன் வேண்டாம், செயலி வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம். 2001ல இருந்து நம்ம கையில இருக்கிற மைகார்டு போதும். பாட்டி கடைக்குப் போய் அட்டையைக் கொடுத்து அரிசி, எண்ணெய், மாவு வாங்கினார். யாருடைய உதவியும் தேவைப்படலை. அதே ஆண்டு செப்டம்பர் 30ல தொடங்கின பூடி95 பெட்ரோல் திட்டத்திலும் 1 வெள்ளி 99 சென் விலைக்கு மைகார்டுதான் அடையாளம்.

அந்த சாரா முறையும் முதல் நாளே திணறிச்சு. தேசிய தினத்தன்னிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல கடைக்குப் போனதால முறை நெரிசலாகி, வண்டி நிறைய சாமானோட வரிசையில காத்திருந்தவங்க பலர். செய்தியில எல்லாரும் பார்த்தோம். பதிவு பெற்ற கடையில மட்டும்தான் வாங்க முடியும்கிறதும் உள்ளே தள்ளி இருக்கிறவங்களுக்குச் சிரமம்தான். ஆனாலும் அடிப்படை யோசனை சரி: மக்கள் கையில ஏற்கெனவே என்ன இருக்கோ, அதை வச்சு முறையைக் கட்டணும்.

2020 ஜனவரியில வந்த இ-துனாய் ராக்யாட்டை நினைச்சுப் பாருங்க. தகுதியான ஒவ்வொருத்தருக்கும் 30 வெள்ளி. ஆனா டச் அண்ட் கோ, கிராப்பே, பூஸ்ட் இந்த மூணு மின்-பணப்பையில ஒண்ணை இறக்கினாத்தான் கிடைக்கும். நோக்கமே மக்களை மின்-பணப்பைக்குப் பழக்குறதுதான். இளைஞர்கள் பழகிக்கிட்டாங்க, நல்லதுதான். அந்த நிறுவனங்களுக்கும் ஒரேயடியா லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் கிடைச்சாங்க. ஸ்மார்ட் போன் இல்லாத பாட்டிக்கு என்ன கிடைச்சுது? ஒண்ணும் இல்லை. ரெண்டும் அரசாங்கத் திட்டம்தான், ரெண்டுலயும் தனியார் தொழில்நுட்பம்தான். வித்தியாசம் எங்கேன்னா, வாங்குறப்ப யாரை மனசுல வச்சு வாங்கினாங்கன்னுதான்.

வெளியூர்ல நடந்தது நமக்குப் பாடம்

சிங்கப்பூர்ல 2024 ஜனவரியில என்ன நடந்துச்சுன்னு அங்க உறவு இருக்கிறவங்களுக்குத் தெரியும். பழைய ஈசி-லிங்க் அட்டையை ஜூன் 1ல இருந்து நிறுத்திட்டு எல்லாரும் சிம்ப்ளிகோவுக்கு மாறணும்னு நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவிச்சது. தொழில்நுட்பத்துல அது முன்னேறின முறைதான். ஆனா பேருந்துல அட்டையைத் தட்டினா எவ்வளவு கழிச்சாங்க, மீதி எவ்வளவுன்னு திரையில காட்டாது. போன்ல போய்ப் பார்த்துக்கணும். பெரியவங்க ஒத்துக்கலை. பதினைந்து நாளுக்குள்ள அரசாங்கம் முடிவை மாத்திக்கிச்சு. பழைய முறையை நீட்டிக்க 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி கூடுதல் செலவு. அந்தத் திரையில தெரியுற நம்பரும், நம்ம பாட்டி கேட்ட தாள் ரசீதும் ஒண்ணுதான். தன் காசு எங்கே போச்சுன்னு தன் கண்ணால பார்க்கணும். அது அறியாமை கிடையாது, பொறுப்பு.

பிரிட்டன் கதை இதைவிட மோசம். தபால் நிலையங்கள்ல உதவித்தொகை வாங்குறவங்களுக்கு அட்டை முறை கொண்டு வர 1996ல ஐசிஎல் நிறுவனத்தோட ஒப்பந்தம் போட்டாங்க. 1999ல அட்டைத் திட்டத்தைக் கைவிட்டாங்க. கணினி முறை மட்டும் தபால் நிலையக் கணக்குக்காகத் தொடர்ந்தது. அதுதான் ஹொரைசன். அது பிழையா கணக்குக் காட்டிச்சு. காசு குறையுதுன்னு மிஷின் சொன்னா, மிஷினை நம்பினாங்க, மனுஷனை நம்பலை. 900க்கும் மேற்பட்ட தபால் நிலைய நடத்துநர்கள் குற்றவாளிகள் ஆனாங்க. அதுல இந்திய வம்சாவளியினரும் நிறைய பேர். சீமா மிஸ்ரான்னு ஒரு அம்மா, வயித்துல பிள்ளையோட 2010ல சிறைக்குப் போனார். 2021ல தான் அவர் குற்றமற்றவர்னு தீர்ப்பு மாறிச்சு. 2024ல தனிச் சட்டமே போட்டு மத்தவங்க தண்டனையை ரத்து செஞ்சாங்க. மிஷின் தப்பு செஞ்சா யார் பதில் சொல்றதுன்னு முன்கூட்டியே எழுதி வைக்கலைன்னா, பலவீனமானவன் தலையிலதான் விடியும்.

தமிழ்நாட்டையும் பாருங்க. 2023 செப்டம்பர் 15ல மகளிர் உரிமைத் தொகைன்னு மாதம் 1,000 ரூபாய் நேரா வங்கிக் கணக்குக்கே அனுப்பினாங்க. இடைத்தரகர் இல்லாத நல்ல முறை. ஆனா சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லைன்னு சொல்லி அந்தக் காசுல இருந்தே கட்டணம் பிடிச்சதா புகார் வந்து, அப்படிச் செய்யக் கூடாதுன்னு நிதியமைச்சரே சொல்ல வேண்டியதாச்சு. கொடுக்கிறவர் கை சுத்தம், வாங்குறவர் கை சுத்தம். நடுவுல இருக்கிற குழாய்ல கசிவு.

"இலவசம்" என்ற சொல்லைக் கேட்டா உஷார்

இது எங்க சொந்த அனுபவம். ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒருத்தர் ஆலயத்துக்கு வந்து அர்ச்சனைச் சீட்டு மிஷின் இலவசமா வைக்கிறோம்னு சொன்னார். பக்தர் வந்து பேர், ராசி, நட்சத்திரம், போன் நம்பர் தட்டினா சீட்டு வந்துடும். நாங்க அசந்துட்டோம். திருவிழா நாள்ல சீட்டு எழுதி எழுதி கை ஓய்ஞ்சு போனவங்களுக்குத்தான் அந்த ஆசை புரியும். கையெழுத்துப் போடப் போற நேரத்துல நம்ம பழைய பொருளாளர் ஐயா, படிப்பு ஆறாம் வகுப்புதான், ரெண்டே கேள்வி கேட்டார்.

"காசு முதல்ல யார் கணக்குக்குப் போகுது?" அவங்க கணக்குக்குப் போய், மூணு வேலை நாள் கழிச்சு 1.5 விழுக்காடு பிடிச்சுக்கிட்டு நமக்கு வரும்.

"அஞ்சு வருஷ ஒப்பந்தம்னு போட்டிருக்கே, பிடிக்கலைன்னா ஜனங்க பேர், நட்சத்திரம், நம்பர் எல்லாம் யார்கிட்ட இருக்கும்?" வந்தவர் பதில் சொல்லலை. மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்னு போனவர் திரும்பி வரவே இல்லை.

நம்ம நாடும் இந்தப் பாடத்தைப் பெரிய அளவுல படிச்சிருக்கு. மைசெஜாத்ரா பணம் கட்டுற செயலி இல்லைதான், ஆனா அரசாங்கத்துக்கு விக்கிற விதத்துக்கு நல்ல உதாரணம். 2020ல கோவிட் நேரத்துல கேபிஐசாஃப்ட் நிறுவனம் ஒரு வருஷம் சமூகப் பொறுப்பா இலவசமாச் செஞ்சு கொடுத்தது. நாடே அதை நம்பி நடந்தது. 2022 மார்ச்ல நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு, முறையான ஒப்பந்தம் எங்கே, செயலி யாருக்குச் சொந்தம், நம்ம விவரங்கள் யார் கையில இருக்குன்னு கேட்டப்பதான் எவ்வளவு சிக்கல்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. நம்ம பொருளாளர் ஐயா கேட்ட அதே ரெண்டாவது கேள்வி!

கட்டண விஷயமும் அப்படித்தான். டுயிட்நவ் கியூஆர் ரொம்ப நாள் கட்டணம் இல்லாம இருந்துச்சு. 2023 நவம்பர் 1ல இருந்து வங்கிக் கணக்கு வழியா வர்ற பணத்துக்கு வணிகர்கிட்ட 0.25 விழுக்காடு வரைக்கும் பிடிக்கலாம்னு அறிவிப்பு வந்ததும் நாசி லெமாக் கடைக்காரர் வரைக்கும் கொதிச்சுப் போனாங்க. அப்புறம் பல வங்கிகள் சிறு வியாபாரிகளுக்கு விலக்கு கொடுத்தாங்க. பாட்டியோட 86 வெள்ளிக்கு 0.25 விழுக்காடுன்னா 21 சென் சொச்சம். பெரிசா தெரியாது. ஆனா ஒரு அலுவலகம் வருஷத்துக்கு 1 கோடி வெள்ளி வசூலிக்குதுன்னு வச்சுக்குங்க. அதுல 1 விழுக்காடுன்னா வருஷத்துக்கு 1 லட்சம், அஞ்சு வருஷத்துக்கு 5 லட்சம் வெள்ளி. "இலவச" மிஷினோட விலை அது. அந்தக் காசு நம்ம சாலை விளக்குக்கும் கால்வாய்க்கும் போக வேண்டியது. அதுக்காக வேண்டாம்னு சொல்லலை. ரொக்கம் எண்ணுற ஆள் சம்பளம், பாதுகாப்பு வண்டி இதெல்லாமும் செலவுதான். ரெண்டையும் பக்கத்துல வச்சுக் கணக்குக் காட்டுங்கன்னுதான் கேட்கிறோம்.

நாங்க கேட்கிறது இவ்வளவுதான்

எந்த அரசு அலுவலகமும் பணம் கட்டுற புது முறை வாங்குறதுக்கு முன்ன இந்த அஞ்சையும் கேட்கணும்.

ஒண்ணு, ரொக்கம் வாங்குற ஒரு கவுண்டராவது இருக்குமா? வாரத்துல ரெண்டு நாள் காலையில மட்டும் இருந்தாலும் போதும். நார்வே நாட்டுல ரொக்கமே அபூர்வமாயிடுச்சு. அங்கயே 2024 அக்டோபர் 1ல இருந்து கடைகள்ல ரொக்கம் கொடுக்கிற உரிமையைச் சட்டத்துல பலப்படுத்தினாங்க. கடைக்கே அப்படின்னா, வரி வாங்குற அலுவலகத்துக்கு?

ரெண்டு, தாள் ரசீது கிடைக்குமா? திரையில தமிழ் இருக்குமா? மலாய், ஆங்கிலம் படிக்கத் தெரியாத நம்ம பெரியவங்க இன்னும் இருக்காங்க, சீனப் பாட்டிகளும் இருக்காங்க.

மூணு, ஒவ்வொரு கட்டணத்திலும் யார் எவ்வளவு எடுத்துக்கிறாங்க? அலுவலகச் சுவர்ல ஒட்டுங்க.

நாலு, ரெண்டு தடவை பிடிச்சுட்டா, கட்டினது பதிவாகலைன்னா, யாரைக் கூப்பிடணும், எத்தனை நாள்ல திரும்ப வரும்? "நிறுவனத்தைக் கேளுங்க", "வங்கியைக் கேளுங்க"ன்னு பந்து விளையாடக் கூடாது. பாட்டி காசு கொடுத்தது அலுவலகத்துக்கு. பதில் சொல்ல வேண்டியதும் அலுவலகம்தான்.

அஞ்சு, ஒப்பந்தம் முடிஞ்சா நம்ம விவரங்கள் யார் கையில இருக்கும்?

இதோட ஒரு கோரிக்கை, இது அதிகாரிகளுக்கு மட்டும் இல்லை, விக்கிற தம்பி தங்கைகளுக்கும்தான். சோதனை ஓட்டம் நடத்துறப்ப சட்டை போட்ட ஆபீசர்களோட பத்துப் பெரியவங்களையும் கூப்பிடுங்க. நம்ம ஆலயத்துக்கு வாங்க. வெள்ளிக்கிழமை மாலை இங்க முப்பது பாட்டிங்க இருப்பாங்க. அவங்க கையில மிஷினைக் கொடுத்துப் பாருங்க. அவங்களால கட்ட முடிஞ்சா நாட்டுல யாராலயும் கட்ட முடியும். அந்தத் தம்பிகிட்டயும் இதைச் சொன்னோம். மேலாளர்கிட்ட கேட்கிறேன்னு சொல்லியிருக்கார். கேட்பாரான்னு பார்ப்போம். அவர் வேலையை விட்டுடணும்னு நாங்க சொல்லலை. அந்த மேசையில நம்ம பாட்டியைத் தெரிஞ்ச ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறது நல்லதுன்னுதான் நினைக்கிறோம்.

நம்ம பக்கம் என்ன செய்யப் போறோம்

அரசாங்கத்தைக் குறை சொல்லிட்டு நாம சும்மா இருக்க முடியாது. நிர்வாகத்தோட பேசி நாலு முடிவு எடுத்திருக்கோம்.

முதலாவது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை பூஜைக்குப் பிறகு மண்டபத்துல ஒரு உதவி மேசை இருக்கும். எப்பவும் ரெண்டு தொண்டூழியர்கள் சேர்ந்துதான் உட்காருவாங்க. போன் உங்க கையிலயேதான் இருக்கும், நாங்க சொல்லித்தான் கொடுப்போம். பின் நம்பரை எங்ககிட்ட சொல்லாதீங்க. நாங்க கேட்டாலும் சொல்லாதீங்க. கேட்கிறவர் தொண்டூழியரே இல்லைன்னு நினைச்சுக்குங்க.

ரெண்டாவது, யாருக்காவது நாங்க கட்டிக் கொடுக்க வேண்டி வந்தா, நோட்டுப் புத்தகத்துல தேதி, தொகை, பரிவர்த்தனை எண் எழுதி, ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு படியைக் கையில கொடுப்போம். பழைய செக் ரோல் மாதிரிதான். சிரிக்காதீங்க, அந்த முறை நம்ம தாத்தாக்களைக் காப்பாத்தியிருக்கு.

மூணாவது, ஆலயத்து கியூஆரை இனி தினமும் காலையில நடை திறக்கும்போது சரிபார்ப்போம். 2023 ஏப்ரல்ல ஜாகர்த்தாவில இஸ்திக்லால் உட்பட பல பள்ளிவாசல்கள்ல நன்கொடை கியூஆர் மேல ஒருத்தர் தன் சொந்த கியூஆரை ஒட்டிட்டுப் போனார். சாமிக்குப் போட்ட காசுன்னு திருடன் பார்க்க மாட்டான். நன்கொடை அனுப்புறப்ப திரையில நம்ம ஆலயத்துப் பேர் வருதான்னு பார்த்துட்டு அனுப்புங்க.

நாலாவது, மேலே சொன்ன அஞ்சு கேள்வியையும் மலாய்ல ஒரு கடிதமா எழுதி, நம்ம வட்டார மன்ற உறுப்பினர் வழியா அனுப்பப் போறோம். கையெழுத்துத் தாள் ஆலய முகப்புல, செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்துல இருக்கும். நம்ம பக்தர்கள் மட்டும் இல்லை, பக்கத்துல இருக்கிற சீனக் கோயில் நிர்வாகத்தையும் சூராவையும் கேட்கப் போறோம். கவுண்டர்ல திரும்பி அனுப்பப்படுறவங்க எல்லா இனத்திலயும் இருக்காங்க.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்க வீட்டுப் பாட்டி, தாத்தா பில்லை நீங்களே போன்ல கட்டிடுறீங்க, வேலை முடிஞ்சுதுன்னு. நல்லதுதான். ஆனா ஒரு தாள்ல எழுதி அவங்க கையில கொடுங்க. அவங்க காசை அவங்க கையால எண்ணி உங்ககிட்ட கொடுக்க விடுங்க. நாற்பது வருஷம் இருட்டுல எழுந்து மரம் சீவி, கடன் வைக்காம வரி கட்டினவங்க அவங்க. கடைசிக் காலத்துல "உங்க காசு செல்லாது"ன்னு கேட்க வைக்கக் கூடாது.

அந்தப் பாட்டி இந்த வெள்ளிக்கிழமையும் வந்தார். நாங்க எழுதிக் கொடுத்த தாளைப் பிளாஸ்டிக் உறையில போட்டு, சுருக்குப் பையில வச்சிருக்கார். அடுத்த பில் எப்ப வரும்னு கேட்டோம், ஆறு மாசம் கழிச்சுன்னார். அதுக்குள்ள கடிதத்துக்குப் பதில் வந்துடணும். கையெழுத்துப் போட வர்றவங்க அடையாள அட்டை எண் எதுவும் எழுத வேண்டாம், பேரும் ஊரும் போதும்.

அன்புடன்,
ஆலயத் தொண்டூழியர்கள்,
சிம்பாங் பூலாய்